கிளட்ச் பெடல் கீழே போனால் உடனே புஷ் ராடைத் திருகவிடாதீர்கள்: 21,500 ரூபாய் போன பிறகு எழுதுவது

ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் காரில் கிளட்ச் பிளேட் நன்றாக இருந்தது, பிரஷர் பிளேட் நன்றாக இருந்தது, கியர்பாக்ஸில் ஒரு குறையும் இல்லை. பெடலுக்குப் பின்னால் இருக்கும் புஷ் ராடு என்ற ஒரு சின்னக் கம்பி சில சுற்று கூடுதலாகத் திருகப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிப்பதற்குள் 21,500 ரூபாய் செலவு, எடுத்த விடுப்புகள் தனி, மலைப்பாதையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மாலை தனி. யாராவது முன்பே சொல்லியிருந்தால் எல்லாம் மிச்சமாகியிருக்கும்.

எனக்கு வீடு சேலம் அஸ்தம்பட்டி பக்கம். அம்மா ஏற்காட்டில் இருக்கிறார். கணவர் மஸ்கட்டில் வேலை பார்ப்பதால் வண்டி சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏழு பேர் அமரும் டீசல் கார். வாரக்கடைசியில் அம்மாவைப் பார்க்க கோரிமேடு, அடிவாரம் வழியாக மேலே போவேன். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. கீழே வந்ததும் பட்டறையில் காட்டினேன். பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார்கள். விளக்கு எரிவது நின்றது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அதுதான் என்பது கடைசியில்தான் தெரிந்தது.

அடுத்த சில நாட்களில் கிளட்ச் பிடிக்கும் இடம் கீழே இறங்கிக்கொண்டே போனது. முன்பு பாதி தூரத்தில் பிடித்த கிளட்ச், இப்போது கால் தரையைத் தொட்டால்தான் விடும் என்ற நிலை. ஐந்து ரோடு நெரிசலில் முதல் கியர் போட மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசும் சத்தம். இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. இந்த ஒரு வித்தியாசமே பெரிய துப்பு. இன்ஜின் ஓடாதபோது எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழ மறுத்தால் கோளாறு பெரும்பாலும் கியர்பாக்ஸில் இல்லை. கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். பெடலை மூன்று நான்கு முறை வேகமாக மிதித்துவிட்டுப் போட்டால் கியர் நன்றாக விழுந்தது. அடித்தால் சரியாகி, சற்று நேரத்தில் பழையபடி ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்ச் ஆயில் லைனில் ஏறிய காற்றை. பட்டறைக்காரர்கள் ஏர் லாக் என்று சொல்வது இதைத்தான். பெடல் பஞ்சு போல் இருக்கும். பெடலை மிதித்தபடியே பிடித்திருக்கும்போது கிளட்ச் மெதுவாகத் தானாகப் பிடித்து வண்டி நகரப் பார்த்தால், வெளியே எங்கும் ஒழுகலும் இல்லை என்றால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷரைச் சந்தேகிக்கலாம். இரண்டுமே பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவே இருக்கும் ஆயில் லைனின் கோளாறுகள். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

நான் பார்த்ததை எல்லாம் பேட் மாற்றிய பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டார். "பிளேட் தேஞ்சா பெடல் இறங்கும் மேடம், அட்ஜஸ்ட் பண்ணிடலாம்" என்றார். லாக் நட்டைத் தளர்த்தி, புஷ் ராடை நீட்டி, திரும்ப இறுக்கினார். பத்து நிமிட வேலை, 300 ரூபாய். பெடல் உடனே மேலே வந்துவிட்டது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அவர் செய்தது கேபிள் கிளட்ச் வைத்தியம். கேபிள் உள்ள வண்டியில் பிளேட் தேயத் தேய கேபிளின் தளர்ச்சி மாறும், அவ்வப்போது திருகிச் சரிசெய்தே ஆக வேண்டும். ஹைட்ராலிக் அப்படி இல்லை. பெடல் புஷ் ராடைத் தள்ளும், புஷ் ராடு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும், ஆயில் குழாய் வழியாகப் போய் கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும், அது ஃபோர்க்கையும் ரிலீஸ் பேரிங்கையும் தள்ளி கிளட்சை விடுவிக்கும். பிளேட் தேய்ந்தால், அதை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் பேரிங் பக்கம் நகர்ந்து, ஸ்லேவ் பிஸ்டனைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அந்த அளவு ஆயிலை மேலே டேங்குக்கே அனுப்பிவிடும். தேய்மானத்தை அதுவே ஈடுகட்டிக்கொள்கிறது. ஆகவே ஹைட்ராலிக் கிளட்ச் பெடல் திடீரென்று கீழே இறங்கினால் அதற்கு பிளேட் தேய்மானம் காரணமாக இருப்பது அரிது. காற்றோ, கசிவோ, வாஷரோ, பெடல் பின்னின் தேய்மானமோதான் இருக்கும்.

ஆயில் டேங்குக்குத் திரும்பிப் போக மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கிறது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்து அந்தத் துளையைத் திறந்துவிட வேண்டும். அது வருவதற்குத்தான் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விடுகிறார்கள். பல கார்களின் சர்வீஸ் கையேட்டில் பெடலின் நுனியில் புஷ் ராடுக்கான இந்த ஆட்டம் 1 முதல் 5 மில்லிமீட்டர் என்றும், எதிர்ப்பு தட்டும் வரையிலான மொத்த ஃப்ரீ பிளே 5 முதல் 15 மில்லிமீட்டர் என்றும் போட்டிருக்கும். உங்கள் காருக்கான அளவை உங்கள் கையேட்டில் பாருங்கள். ராடை அளவுக்கு மீறி நீட்டிவிட்டால் கால் வைக்காதபோதும் பிஸ்டன் கொஞ்சம் முன்னால் தள்ளியே நிற்கும், துளை அடைபட்டுவிடும். ஸ்லேவ் சிலிண்டர் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. ஆயில் சூடாகி விரியும், திரும்பிப் போக வழி இருக்காது. ஒவ்வொரு முறை பெடலை மிதித்து விடும்போதும் வாஷரின் விளிம்பைத் தாண்டி டேங்கிலிருந்து கொஞ்சம் ஆயில் உள்ளே வரும், அதுவும் திரும்பாது. மிதிக்க மிதிக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போய், நீங்கள் காலே வைக்காதபோதும் ஸ்லேவ் கிளட்சைப் பாதி அமுக்கிப் பிடித்திருக்கும். பிளேட் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு, சூட்டினால் இன்னும் அழுத்தம்.

மலைப்பாதையில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வளைவுக்கு வளைவு கிளட்ச், கியர், கிளட்ச், கியர். அடுத்த வாரம் ஏற்காடு ஏறும்போது பாதி மலையில் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி முன்னால் போகவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் கருகும் அந்த நாற்றம். பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கிறது. ஓரத்தில் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கை நடுங்கியது. திரும்பிக் கீழே இறங்கிவிடலாமா என்றால் அது இன்னும் பயம். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் பிரேக்கும் சரியாகக் கிடைக்காது, இறக்கம் முழுவதையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டும். அந்த நிலையில் மலை இறங்காதீர்கள், எவ்வளவு அவசரமானாலும். நான் ரெக்கவரி வண்டி வரவழைத்தேன். 4,000 ரூபாய். அது வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது, பனியும் இறங்கிவிட்டது. அம்மாவிடம் போனில் பேசும்போது அழுகையை அடக்கிக்கொண்டுதான் பேசினேன்.

இந்த முறை வேறு, பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். காலையில் அவர்கள் ஓட்டிப் பார்த்தபோது வண்டி நன்றாகவே போனது. இன்ஜின் குளிர்ந்தால் அழுத்தமும் குறைந்துவிடுமே! ஆனால் நான் சொன்ன நாற்றத்தையும் வழுக்கலையும் வைத்து, பார்க்காமலேயே முடிவு செய்துவிட்டார்கள். "லேடீஸ் ஓட்டுற வண்டியில இது சகஜம் மேடம். கிளட்ச் மேலேயே கால் வச்சு ஓட்டுவீங்க, பிளேட் எரிஞ்சிருக்கும்." நான் அப்படி ஓட்டுபவள் இல்லை. மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவள், இடது கால் எப்போதும் பெடலுக்குப் பக்கத்து மேடையில்தான் இருக்கும். சொன்னேன், சிரித்தார்கள். பணம் போனதைவிட அந்தச் சிரிப்பு எனக்கு அதிகமாக வலித்தது. கிளட்ச் செட் 11,800, கியர்பாக்ஸ் இறக்கி ஏற்ற 4,500, ஃப்ளைவீலின் பரப்பை லேத்தில் சமப்படுத்த 900. மொத்தம் 17,200 ரூபாய் கட்டினேன்.

பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். நீங்களும் கட்டாயம் வாங்குங்கள். ரிவெட்டின் தலைக்கு மேல் லைனிங், அதாவது உராயும் பரப்பு, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது பல கையேடுகளில் இருக்கும் கணக்கு. என் பிளேட்டில் லைனிங் தாராளமாக இருந்தது; மேல்பரப்பு மட்டும் சூட்டில் பளபளத்துப் போயிருந்தது.

புது கிளட்சோடு வண்டி வந்தது. பெடல் முன்பைவிடவும் மேலே, காலைக் கிட்டத்தட்ட முழுசாகத் தூக்கினால் கடைசி நுனியில்தான் பிடிக்கிறது. கேட்டதற்கு, புதுசு அப்படித்தான் இருக்கும், ஓட ஓட செட்டாகும் என்றார்கள். சேலத்துக்குள் ஓட்டியவரை பிரச்சினை தெரியவில்லை. அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கியதும் பழைய கதை, இன்னும் மோசமாக. கிளட்ச் மாற்றும்போது லைனில் இருந்த காற்றை அவர்கள் ஒழுங்காக எடுத்துவிட்டார்கள். அமுங்கிக்கொடுக்கக் காற்றும் இல்லை, துளையோ அடைபட்டிருக்கிறது. அழுத்தம் இன்னும் சீக்கிரம் ஏறிவிட்டது. அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. இவ்வளவு பணம் கொட்டியும் சரியாகவில்லையே என்று வண்டியை ஓரம்கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

அவர் முதலில் கேட்டதே, "கண்ணு, சூடானாத்தான் வழுக்குதா, எப்பவுமே வழுக்குதா?" சூடானால் மட்டும் என்றேன். "பெடலைக் கையில அமுக்கிப் பாரு. சும்மா ஆடற தூரம் இருக்குதா?" குனிந்து விரலால் தள்ளிப் பார்த்தேன். துளிகூட ஆட்டமில்லை, தொட்டதுமே கெட்டியாக இருந்தது. "அப்ப பிளேட்டுல ஒண்ணுமில்ல. பக்கத்துல ஸ்பேனர் வச்சிருக்கிற ஆளு யாராச்சும் இருந்தா கூப்பிடு. கீழ் சிலிண்டர்ல இருக்கிற நிப்பிளை அரைச் சுத்துத் தொறக்கச் சொல்லு. பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, நீயும் பக்கத்துல முகத்தை வச்சுக்காதே" என்றார். கீழ் சிலிண்டர் என்று அவர் சொன்னது ஸ்லேவ் சிலிண்டரை; நிப்பிள் என்பது காற்றை வெளியேற்ற அதில் இருக்கும் சின்னத் திருகு. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அடிவாரத்தில் இருந்த டூவீலர் மெக்கானிக் தம்பியை வரவழைத்தேன். நிப்பிளைத் தளர்த்தியதும், யாரும் பெடலைத் தொடாமலே, ஆயில் சீறிக்கொண்டு வந்தது. மூடிவிட்டு ஓட்டினால் வண்டி இழுத்துக்கொண்டு ஏறுகிறது, வழுக்கலே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 17,200 ரூபாய்க்குத் தெரியாத விடை ஒரு ஸ்பேனரின் அரைச் சுற்றில் தெரிந்தது.

உங்கள் கிளட்ச் சூட்டில் வழுக்கினால், செட் மாற்றச் சம்மதிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வண்டி சூடாகி வழுக்கும்போதே செய்ய வேண்டும், குளிர்ந்த பிறகு செய்தால் ஒன்றும் தெரியாது. நிப்பிளைத் திறந்ததும் அழுத்தத்தோடு ஆயில் வந்து வழுக்கல் நின்றால் ஆயில் லைன்தான் குற்றவாளி. ராடைச் சரிசெய்த பிறகும் அப்படியே நடந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் உள்ளே உப்பி, ஆயிலைப் போக மட்டும் விட்டு, திரும்பி வர விடாது. அழுத்தம் எதுவும் இல்லாமலே வழுக்கினால்தான் பிளேட்டின் மேல் சந்தேகம் போக வேண்டும்.

புஷ் ராடைச் சரிசெய்வது பெரியப்பா வீட்டு வாசலில் நடந்தது. பெடலுக்கு மேலே, புஷ் ராடு பெடலோடு சேரும் இடத்தில் ஒரு லாக் நட் இருக்கும். அதைத் தளர்த்தி, ராடைக் கால் சுற்று கால் சுற்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு முறையும் பெடலை விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். முதலில் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கொஞ்சம் நகர்ந்து, பிறகு பிஸ்டனைத் தொடுவது கையில் தெரிய வேண்டும். காலால் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது, கையால்தான் பார்க்க வேண்டும். லாக் நட்டை இறுக்கியபின் இன்னொரு முறை பாருங்கள், இறுக்கும்போதே ராடு திரும்பிவிடுவது உண்டு. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சரியான ஆட்டம் வைத்த பிறகும் கியர் விழ மறுத்தால் ராடை மறுபடி நீட்டாதீர்கள். காற்றை எடுங்கள், கசிவைத் தேடுங்கள்.

லைனுக்குள் காற்று எப்படிப் புகுந்தது என்பதற்குப் பெரியப்பா சொன்ன காரணம் எனக்கு முழுதும் பொருந்துவதாகப் பட்டது. என் காரில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டேங்க். கிளட்சுக்குப் போகும் குழாய் டேங்கின் பக்கவாட்டில் சற்று மேலே இருக்கும். ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச் போகட்டும், பிரேக்குக்கு மிச்சம் இருக்கட்டும் என்பதற்காக. பேட் தேயத் தேய டேங்கில் ஆயில் மட்டம் இறங்கும். இறங்கிய மட்டம் வளைவுகளில் ஒருபக்கம் சாய்ந்தபோது விளக்கு எரிந்தது, கிளட்ச் குழாய் காற்றை இழுத்தது. புதுப் பேட் போட்டதும் மட்டம் தானாக மேலே வந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேட் மாற்றிய கையோடு கிளட்சில் காற்று எடுத்திருந்தால் ஒரு பாட்டில் ஆயிலோடும் கொஞ்சம் கூலியோடும் முடிந்திருக்கும்.

காற்று எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து குமிழி வெளியேறியதும் மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முந்திக்கொண்டு விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். நடுநடுவே டேங்கைப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருங்கள். சில வண்டிகளில் எத்தனை அடித்தாலும் குமிழி நிற்காது. அப்போது பெரிய சிரிஞ்சில் ஆயிலை எடுத்து நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளினால் காற்று தானாக டேங்குக்கு ஏறிவிடும். டேங்க் வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும், ஓப்பன் ஸ்பேனர் முனையை உருட்டிவிடும். உள்ளே ஓட்டையான சின்ன நிப்பிள் அது, முரட்டுத்தனமாக இறுக்கினால் முறிந்துவிடும்.

ஆயிலில் கஞ்சம் பிடிக்காதீர்கள். டேங்க் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எது போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த அளவு 155 ஆக இறங்கிவிடும். மலை ஏறி இறங்குபவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. திறந்து வெகுநாளான பாட்டிலைப் பட்டறையில் எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிலிண்டரைப் பிரித்து வாஷர் போடுபவர்கள் உதிரிகளை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவதையும் நின்று தடுங்கள், அந்த ரப்பர் டீசல் பட்டால் ஊதிப்போகும். பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். பெயின்டில் சிந்தினால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பட்டறைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவையும் இருக்கின்றன. பெடலுக்குக் கீழே தடித்த மேட் மடங்கிக் கிடக்கிறதா, டேங்கில் மட்டம் என்ன, பெடலுக்கு மேலே புஷ் ராடு நுழையும் இடத்தில் ஈரம் தட்டுப்படுகிறதா, ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்கினால் உள்ளே ஆயில் இருக்கிறதா, பெடலையும் ராடையும் இணைக்கும் பின்னின் ஓட்டை தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கிறதா. சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்காது, கியர்பாக்ஸுக்குள் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும். அந்த வகை கசிந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் வழியில்லை. அதனால் எப்போது கிளட்ச் செட் மாற்றினாலும் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் இறக்கிய கூலியை இரண்டாவது முறையும் கொடுக்க வேண்டி வரும்.

இரண்டு பட்டறைகளுக்கும் போய்ச் சொன்னேன். முதலாமவர், தான் திருகியதால் இல்லை என்றார். இரண்டாவது இடத்தில் பழைய பிளேட்டை மேசை மேல் வைத்து, இதில் எது எரிந்திருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை, பணமும் திரும்பவில்லை. பெரியப்பா லாக் நட்டும் ராடும் சேரும் இடத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். இப்போதெல்லாம் வண்டி சர்வீஸுக்குப் போய் வந்தால் டார்ச் அடித்து அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பில்லைக் கட்டுகிறேன்.